வெள்ளைக்கல்லும் நம் பெண்மக்களும்

(வாழவந்தியில் நடைபெற்ற வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாற்காலிகள் காலியாக இருந்தும் பின்சுவரை ஒட்டிப் பெண்மக்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். நிற்பவர்கள் முன்னால் வந்து அமர்ந்தால் நான் பேசுவதற்கு எளிதாக இருக்கும்.

இன்று காலை சேலத்திலிருந்து பேருந்தில் ஏறி வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போது கீழே வெள்ளை வெளேரென்று தோண்டிய குழிகள் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் தாயின் மடியில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி, "பாட்டி, அது சுண்ணாம்பா?" என்று என்னைக் கேட்டாள். ஆங்கிலேயர்கூட ஏமாந்துபோய் அவற்றிற்குச் சுண்ணாம்புக் குன்றுகள் என்றே பெயரிட்டார்கள். அது சுண்ணாம்பன்று, மேக்னசைட் என்னும் கனிமம். நம் மக்கள் வாயில் அது வெள்ளைக்கல்.

என் தாய் அக்குழிகளில் ஒன்றில் கூலி வேலை செய்தவர். ஆண்கள் பாறையைப் பெயர்த்துத் தள்ளுவார்கள். பெண்கள் வெயிலில் குந்தி அமர்ந்து, கைச்சுத்தியலால் கல்லைத் தட்டித் தட்டி, ஒட்டியிருக்கும் வேற்றுக் கல்லை உதிர்த்து, நல்ல கல்லைத் தனியே குவிப்பார்கள். குவித்ததைக் கூடையில் அள்ளிச் சுமப்பதும் அவர்கள் வேலையே. என் தாய்க்கு எழுத்தறிவு இல்லை. ஆனால் தட்டும் ஓசையிலிருந்தே கல் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். பல ஆண்டுகள் கழித்து, இக்கல்லில் கலந்திருக்கும் சிலிக்காவை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் வேலை எனக்கு வந்தது. சிலிக்கா மிகுந்தால் கல்லின் மதிப்புக் குறையும். என் தாய் சுத்தியலால் உதிர்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான் என்பது அன்று எனக்கு விளங்கியது.

சிறு வயதில் அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "அம்மா, இந்தக் கல் எங்கே போகிறது?" "லாரியில் போகிறது" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவரும் அவரிடம் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த லாரி எங்கே போயிற்று என்பதைத் தேடிக்கொண்டுதான் நான் உலோகவியலும் பிறகு செராமிக் பொறியியலும் படித்தேன் என்று சொன்னால், அதில் மிகை சிறிதே.

செராமிக் என்றவுடன் உங்களில் பலர் தேநீர்க் குவளையையும் கைகழுவும் தொட்டியையும் நினைப்பீர்கள். அவையும் செராமிக்கே. உலோகம் அல்லாத கனிமப் பொடியை எடுத்து, வேண்டிய வடிவில் அமைத்து, கடும் வெப்பத்தில் சுட்டு இறுகச் செய்த எப்பொருளும் இவ்வினத்தைச் சேரும். செங்கல், ஓடு, மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ், மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள வெண்பகுதி, இடுப்பெலும்பு தேய்ந்தவர்களுக்கு மருத்துவர்கள் பொருத்தும் செயற்கை மூட்டின் உருண்டை ஆகிய யாவும் சுட்ட மண்ணின் உறவினர்களே. குயவர் செய்த வேலைக்கும் இன்றைய ஆய்வுக்கூடம் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. பொடியின் தூய்மை, நுண்மை, சூட்டின் அளவு, சூட்டை ஏற்றும் வேகம், இறக்கும் வேகம் ஆகியவற்றைக் கணக்கிட்டுச் செய்வதே இன்றைய கல்வி.

வெள்ளைக்கல்லை எடுத்துக்கொள்வோம். தூய கல் 100 கிலோவைச் சூளையிலிட்டால் ஏறத்தாழ 52 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 48 கிலோ மக்னீசியா மிஞ்சும். 700 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கிடைப்பது மென்மையான, எளிதில் வினைபுரியும் பொடி. அதையே 1600 டிகிரிக்கு மேல் சுட்டால் துகளோடு துகள் இறுகி, தண்ணீருக்கும் அசையாத கெட்டிப் பொருளாகிவிடும். மக்னீசியா உருக வேண்டுமானால் சுமார் 2800 டிகிரி வேண்டும். உருக்கு உருகுவதோ 1500 டிகிரியை ஒட்டி. ஆகவே உருகிய உருக்கைத் தாங்கி நிற்கும் உலைகளின் உட்சுவர் மக்னீசியாச் செங்கல்லால் கட்டப்படுகிறது. என் தாய் கேட்டிராத விடை இதுதான். அவர் தட்டிக் குவித்த கல் உருக்காலையின் நெருப்பைச் சுமக்கப் போயிற்று.

இனி உங்கள் காலடிக்கு வருவோம். இந்தச் சேர்வராயன் மலையின் பாறையைச் சார்னோக்கைட் என்பார்கள். மழையும் வெயிலும் பல இலட்சம் ஆண்டுகள் அப்பாறையைத் தின்றதனால் மலையின் மேற்பரப்பில் பாக்சைட் உண்டாயிற்று. 1965இல் மேட்டூரில் அலுமினிய ஆலை தொடங்கியபோது இம்மலையின் பாக்சைட்டையும் கொல்லிமலையின் பாக்சைட்டையும் நம்பியே தொடங்கினார்கள். இன்று அங்கே அலுமினியம் உருக்கப்படுவதில்லை. பாக்சைட்டிலிருந்து வரும் அலுமினா, உலோகமாவதற்கு முன்பே ஒரு தலைசிறந்த செராமிக் பொருள். 2000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். மாணிக்கமும் நீலமும்கூட நிறமேறிய அலுமினாவே. அடிவாரத்தில் மக்னீசியா, உச்சியில் அலுமினா! வெப்பம் தாங்கும் பொருள்களைக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் முதல் வாரத்தில் சொல்லித்தரும் இரண்டு பெயர்கள் இவை. இவ்விரண்டின் நடுவே குடியிருக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இப்பெயர்கள் தெரியும்?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலவில்லை. என் தந்தைக்கு எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் தேநீர் கொட்டாங்குச்சியில் கொடுக்கப்பட்டது. பீங்கான் குவளைகள் மற்றவர்களுக்காகப் பலகையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் அவற்றை எண்ணியிருக்கிறேன், ஒன்பது. பிற்காலத்தில் மாணவர்களுக்குப் பீங்கானின் கலவையைக் கற்பிக்கும்போது, வெண்களிமண் இவ்வளவு, பெல்ட்ஸ்பார் இவ்வளவு, படிகக்கல் இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதுவேன். அந்தக் குவளையை எது பொருளாக்குகிறது என்பதை நான் அறிவேன். எது அதைத் தீட்டுப்படும் பொருளாக்கியது என்பதை எந்த நுண்ணோக்கியிலும் கண்டதில்லை.

நம் பெண்கள் ஆய்வுக்கூடத்தின் வாயிலுக்கு எப்போது வந்தார்கள்? இக்கேள்விக்கு விடையாக ஒரு பெயரை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாட்சாயணி வேலாயுதன். கொச்சியை அடுத்த முளவுகாடு என்னும் தீவில் 1912இல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார். தாழ்த்தப்பட்ட சமுதாயப் பெண்களுள் இந்நாட்டிலேயே முதல் பட்டதாரி அவர்தாம் என்பர். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த ஒரே தாழ்த்தப்பட்ட பெண்மணி என்ற வகையில் அவரைப் பலர் அறிவார்கள். நான் நினைப்பது அவர் கல்லூரி நாள்களை. வேதியியல் செய்முறை வகுப்பில் ஆசிரியர் அவருக்குச் சோதனையைச் செய்துகாட்ட மறுத்தார். மற்ற மாணவர்களுக்குச் செய்துகாட்டியதைத் தொலைவில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். செய்முறைக் கல்வி என்பது கையால் தொட்டுக் கற்பது, நிறம் மாறுவதைக் குனிந்து பார்ப்பது, முகர்ந்து அறிவது. அதனை எட்ட நின்று கற்றுத் தேறினார் ஒருவர். அந்த வகுப்பறையின் நீளத்தை நான் பலமுறை மனத்தில் அளந்து பார்த்திருக்கிறேன்.

அதே கால அளவில் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் கதவு சற்றே திறந்தது. இளம் வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு இருந்த லலிதா என்பார் அங்கே மின்பொறியியல் படித்து 1940களில் பட்டம் பெற்றார். அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அவருக்குப் பெரிய மனவலிமை இருந்தது, ஐயமில்லை. அவர் தந்தையார் அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு அந்தக் கல்லூரியின் வாயிற்காவலரைக்கூடத் தெரியாது. ஆகவேதான் இப்படி ஒரு கல்விக் கழகம் தேவைப்படுகிறது.

என்னைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. புகுமுக வகுப்பு முடித்து உலோகவியல் பிரிவில் சேர்ந்தபோது என் பக்கத்தில் அமர்ந்த மாணவர் முதலில் கேட்டது என் பெயரை அன்று, "எந்தக் கோட்டா?" என்பதே. அதுவும் கடந்துபோயிற்று. என்னை மெய்யாக வாட்டியது வேறு. சூளை இரவு பகல் பாராது. காலையில் சூடேற்றத் தொடங்கினால் நள்ளிரவில்தான் உச்ச வெப்பத்தைத் தொடும். அந்நேரம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பெண்கள் விடுதியின் கதவோ மாலையிலேயே பூட்டப்படும். என்னோடு ஆய்வு செய்த ஆண்கள் இரவில் சூளையைப் பார்த்துக்கொண்டு விடியலில் முடிவைக் குறித்துக்கொள்ள, நான் அவர்களிடம் "அண்ணா, என் வில்லைகளையும் உள்ளே வைத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். ஓராண்டு இப்படிச் சென்றது. பிறகு ஒரு முதிய உதவியாளர், அவரும் நம்மவர், தம் மனைவியை இரவில் எனக்குத் துணையாக அழைத்துவந்து அமர்த்தினார். அந்த அம்மையார் வெற்றிலை மடித்துக்கொண்டு விடியும்வரை சூளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் பெயருக்கு அடுத்து அவர் பெயர்தான் இருக்கிறது. சூடேற்றும் வேகம் தவறியதால் வெடித்த வில்லைகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நல்ல வில்லைகளைவிட அப்பெட்டி கனமாக இருந்தது.

சரி, இத்துறையில் ஒரு தமிழ்ப்பெண் எவ்வளவு உயரம் செல்ல இயலும்? இதற்கு ஊகம் வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தைச் சேர்ந்தவர் டாக்டர் ந. கலைச்செல்வி. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி கற்றவர். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, மின்கலங்களுக்கான பொருள்களை ஆராய்ந்தார். 2019 பிப்ரவரியில் அந்நிலையத்தின் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட தேசிய ஆய்வுக்கூடங்களை நடத்தும் அக்கழகம் 1942இல் தோன்றியது. ஒரு பெண் அதன் தலைமைக்கு வர 80 ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண் தமிழ்வழியில் படித்தவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். தாய்மொழியில் கற்றதனால்தான் கல்லூரியில் அறிவியல் கருத்துகள் தமக்கு எளிதில் பிடிபட்டன என்று அவர் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. "ஆங்கிலம் வராது, ஆகையால் அறிவியல் வேண்டாம்" என்று பத்தாம் வகுப்போடு மகளை நிறுத்தும் பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மின்கலத்திற்கும் செராமிக்கிற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் மின்கலத்தைப் பாருங்கள். அதன் நேர்மின்வாயில் பூசியிருக்கும் கரும்பொடி பெரும்பாலும் லித்தியமும் கோபால்ட்டும் போன்ற உலோகங்கள் ஆக்சிஜனோடு கூடிய சேர்மம். அவ்வகைப் பொடியின் பயனை 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் எடுத்துக்காட்டினர். அவருக்கு 2019இல் நோபல் பரிசு கிட்டியது. அப்பொடியைச் செய்யும் பழைய வழி எது தெரியுமா? இரண்டு பொடிகளை நிறுத்து, கல்லுரலில் அரைத்து, அலுமினாக் கிண்ணத்திலிட்டு, 800, 900 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு, மறுபடி அரைத்து, மறுபடி சுடுவது. வேதியியலார் அதைச் செராமிக் முறை என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அரைப்பதும் நம் பெண்களுக்குப் புதிதன்று, அடுப்பின் சூட்டைக் கண்ணால் அளப்பதும் புதிதன்று. புதிதாக வேண்டியவை தராசும், வெப்பமானியும், குறிப்பேடும், அவற்றின் முன் அமர ஓர் இடமும்.

இதே துறையில் இன்னொருவர் வீணா சகஜ்வாலா. மும்பையில் வளர்ந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்தபோது வகுப்பில் ஒரே பெண். 1986இல் பட்டம் பெற்றார். கனடாவிலும் அமெரிக்காவிலும் மேற்படிப்பை முடித்து, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மின்வில் உலையில் உருக்கு செய்யும்போது கரி சேர்ப்பார்கள். அக்கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய ரப்பர் டயரைப் போடலாம் என்று அவர் காட்டினார். டயரிலிருந்து வரும் வாயு, உலையில் மிதக்கும் கசடைப் பால் பொங்குவதுபோல் நுரைக்கச் செய்கிறது. நுரை மின்வில்லைப் போர்த்திக்கொள்வதால் வெப்பம் வீணாவது குறைகிறது. உலையின் சுவரும் தேயாமல் காக்கப்படுகிறது. அந்தச் சுவர் எதனால் ஆனது என்று இனி நீங்களே சொல்வீர்கள். ஆம், மக்னீசியா. உடைந்த கண்ணாடியையும் கழிவுத் துணியையும் அரைத்துச் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கித் தளப்பலகை செய்யும் முறையையும் அவர் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். அதனைப் பசுமைச் செராமிக் என்கிறார்கள். குப்பை பொறுக்கும் கைகளை இழிவென்று தள்ளிய நாட்டிலிருந்து சென்ற ஒருவர், குப்பையையே மூலப்பொருளாக்கிப் பேராசிரியர் பதவியில் அமர்ந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. கொல்கத்தாவில் உள்ள மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் பதவியையும் சுமன் குமாரி மிஸ்ரா என்ற பெண் விஞ்ஞானி வகித்தார். ஆகவே இது பெண்களுக்கு ஆகாத துறை என்ற பேச்சு இனி எடுபடாது.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வழியைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்தவுடன் தொழிற்பட்டயம் படிக்க விரும்பினால் விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்திற்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. மேல்நிலையில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்துத் தேறினால் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் உண்டு. கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக் தொழில்நுட்பம் உண்டு. பொறியியலில்தான் சேர வேண்டும் என்பதுமில்லை. வேதியியலில் இளம் அறிவியல் பட்டம் பெற்றும் இத்துறைக்கு வரலாம். பட்டத்திற்குப் பின் கேட் தேர்வில் தேறினால் மேற்படிப்புக்கு மாத உதவித்தொகை கிட்டும். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு நம் மக்களுக்கு அரசு உதவித்தொகை 1944 முதலே வருகிறது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது வந்தது அது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கிற்று.

இவ்வளவும் இருந்தும் நம் பெண்கள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று கழகத்தின் பதிவேட்டை இரண்டு நாள் அமர்ந்து புரட்டினேன். பதிவேட்டைச் செவ்வனே வைத்திருக்கும் செயலாளரைப் பாராட்டுகிறேன். அவர் காட்டியது மகிழ்ச்சி தரவில்லை. பத்தாம் வகுப்பில் தேறிய பெண்களுள் அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்கள் சிலரே. சேர்ந்த அச்சிலரும் இரண்டாம் ஆண்டில் குறைந்துபோகிறார்கள். காரணம் அறிவன்று, பணமும் முழுக் காரணமன்று. செய்முறை வகுப்பு முடிந்து மாலை வண்டியைத் தவறவிட்டால் காப்பித் தோட்டங்களின் நடுவே இருட்டில் நடந்து வர வேண்டும். பழம் பறிக்கும் பருவமோ அரையாண்டுத் தேர்வோடு வந்து மோதுகிறது. பறிக்க இரு கை கூடுதலாக வேண்டியிருக்கிறது. "பொம்பளைப் பிள்ளை, இருட்டில் எப்படி விடுவது?" என்று தாய் கேட்கிறாள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடுதிக் கதவு பூட்டப்பட்டதால் சூளையிடம் போக இயலாமல் நின்றவள் நான்.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு விழா மண்டபம் கட்டுவதா, வேறு செய்வதா என்று நிர்வாகக் குழுவில் கருத்து வேறுபாடு இருப்பதாக அறிந்தேன். அழைத்த வீட்டில் வழக்குப் பேசுவது முறையன்றாயினும், பேச அழைத்தவர்கள் நீங்கள். மண்டபம் வேண்டாம் என்று சொல்பவள் அல்லேன். நம் வீட்டுத் திருமணத்திற்கு மண்டபம் கேட்டுப் போய், முகவரியைச் சொன்னதும் "அன்று வேறொருவர் பதிந்துவிட்டார்" என்ற விடையைக் கேட்டவர்கள் இவ்வரங்கில் இருக்கிறார்கள். சொந்த மண்டபம் நம் மானத்தின் அடையாளம் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆயினும் என் கருத்து வேறு. காரைக்குடி ஆய்வு நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். கிண்டியில் செராமிக் கற்பிக்கும் கல்லூரியும் அவர் கொடையால் 1944இல் எழுந்ததே. அவர் அந்தப் பணத்தில் எத்தனையோ மண்டபம் கட்டியிருக்கலாம். அவர் அமைத்த கூரையின் கீழ் வந்துதான் விக்கிரமசிங்கபுரத்துப் பெண் பொடி சுட்டார்.

நம்மிடம் 300 ஏக்கரும் இல்லை, 15 இலட்சமும் இல்லை. நான் கேட்பது ஒரு வாடகை வீடு. மேல்நிலைப் பள்ளிக்கு நடந்து போகும் தொலைவில், எட்டு அல்லது பத்துப் பெண்கள் தங்க ஒரு வீடு. சமைத்துப்போடவும் துணையிருக்கவும் நம்மில் ஓர் அம்மையார். மாலையில் கணக்கும் வேதியியலும் சொல்லித்தர ஒருவர். வேதியியலுக்கு ஆள் தேட வேண்டாம். ஓய்வு பெற்றவள் ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் வரச் சித்தமாக இருக்கிறாள். மண்டபத்திற்கு அடித்தளம் போடும் செலவில் இந்த வீட்டைச் சில ஆண்டுகள் நடத்தலாம் என்று பொருளாளரோடு அமர்ந்து கணக்கிட்டோம். அந்தக் கணக்குத்தாள் அவரிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். குழு கூடி முடிவு செய்யட்டும். ஆனால் பள்ளிச் சேர்க்கை குழுவுக்காகக் காத்திராது.

போன மாதம் ஒரு பெண் தன் தந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண். தந்தை தோட்டத் தொழிலாளி. உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். நான்தான் வற்புறுத்தி அமர்த்தினேன். மேசைமேல் இருந்த வெள்ளைக்கல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, "இது எங்கே போகிறது டீச்சர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் பெயரை இங்கே சொல்லமாட்டேன். இந்த அரங்கில்தான் இருக்கிறாள், நாணப்படுவாள்.

மேல்நிலைச் சேர்க்கைப் படிவங்களையும் விருத்தாசலம் நிறுவனம் பற்றிய விவரங்களையும் கொண்டுவந்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எழுதித்தர நம் இளைஞர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் வேப்பமரத்தடியில் போட்டிருக்கும் மேசையில் இருப்பேன். என் வண்டி ஐந்தரைக்குத்தான். பெண்பிள்ளைகள் தாயையும் உடன் அழைத்து வாருங்கள்.